நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தாத ஞானம்மா டீச்சர்

ஈரச் சுண்ணாம்பு வாசனை... அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது அதுதான்.

சித்தூரில் எங்கள் மிஷன் கோயிலுக்குப் புது காம்பவுண்டு சுவர் எழுப்பி, முதல் நாள்தான் வெள்ளை அடித்திருந்தார்கள். ஆராதனை முழுக்க ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மிஷன் ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

ஆந்திரா தனியாகப் பிரிந்தும் எல்லை மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம். சித்தூர் யாருக்கு, புத்தூர் யாருக்கு, நகரி யாருக்கு... டீக்கடையிலும் அதே பேச்சு, ரயிலிலும் அதே பேச்சு. எங்கள் கோயிலில் மட்டும் தமிழும் தெலுங்கும் ஒரே பெஞ்சில் உட்காரும். ஒரே ராகத்துக்கு அவரவர் பாஷையில் பாடுவோம். வெளியே நின்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தைகூட விளங்காது.

அப்புறம் மெல்ல மாறியது.

எங்கள் ஐயர், அதாவது போதகர், கெட்டவர் இல்லை. நல்ல குரல், கஷ்டம் என்றால் வீடு தேடி வருவார். ஆனால் எல்லை விவகாரம் அவர் தலைக்குள் ஏறிவிட்டது. முதலில் ஜெபத்தில் அதற்கென்று ஒரு வரி வந்தது. பிறகு சித்தூரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி, கோயில் வாசலில் மேஜை போட்டு மனுவுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு பிரசங்கமே அதுவாகிவிட்டது. எங்களில் ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதானே பேசுகிறார் என்று தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

கோயிலுக்குப் பக்கத்தில் மங்கம்மாவின் குடிசை. அவள் புருஷன் எங்கள் கோயிலில் மணி அடித்து, பெஞ்சு துடைத்தவர். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த தெலுங்குக் குடும்பம். அவர் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு மிச்சம் ஒரு பெண் குழந்தையும், அவர் வாங்கிப் போட்ட அந்தத் துண்டு நிலமும்தான். அறுப்புப் பண்டிகைப் பந்தலுக்கு இடம் போதவில்லை என்று கமிட்டிக்காரர்கள் எல்லைக்கல்லைப் பிடுங்கி, அவள் அடுப்பு இருந்த மூலையும் உள்ளே போகிற மாதிரி தள்ளி நட்டுச் சுவரை எழுப்பிவிட்டார்கள்.

"அய்யகாரு, கல்லு அங்க இருந்திச்சி. எங்க வூட்டாரு நட்டது" என்று ஐயரிடம் போய் அழுதாள்.

"கோயிலுக்குத்தானேம்மா போவுது. ஊரு வுட்டு ஊரு வந்தவ நீ, அனுசரிச்சிக்கினு போ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். ஐயர் வசனத்தின் இடத்தை மட்டும் சொல்லுவார். சபையிலிருந்து ஒருவர் எழுந்து சத்தமாக வாசிக்க வேண்டும். குரல் கணீரென்று இருக்கும் என்பதால் அந்த வருஷம் பெரும்பாலும் நான்தான். அன்றைக்கு அவர் சொன்னது மோசேயின் காலத்துச் சாபங்கள் வரிசையாக வரும் அதிகாரம். ஒவ்வொரு சாபத்துக்கும் ஜனங்கள் ஆமென் சொல்ல வேண்டும் என்று அங்கேயே இருக்கும். அயலானுடைய எல்லையை நகர்த்துகிறவனுக்கு வரும் சாபத்தை நான் வாசித்தேன். கோயிலே அதிரும்படி ஆமென் சொன்னார்கள்.

"அது போதும்மா, உக்காரு" என்றார் ஐயர்.

உட்கார்ந்துவிட்டேன்.

ஊரைத் துண்டு போடுகிறவர்களுக்குத்தான் இந்தச் சாபம் என்று அவர் ஆரம்பித்தபோது, பெண்கள் பக்கத்தில் ஞானம்மா டீச்சர் எழுந்தார். ஐந்தாம் வகுப்பு டீச்சர், நாற்பது வயது இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்கள் ஸ்கூலுக்கு ஐயர்தான் மேனேஜர். டீச்சரின் சம்பளமும் அவர் கையெழுத்தில்தான் வரும்.

"இன்னும் ரெண்டு வசனம் பாக்கி கீது ஐயரே. வாசிச்சிடறேன்" என்றார்.

பதிலுக்குக் காத்திராமல் வாசித்தார். குருடனை வழி தப்பச் செய்கிறவனைப் பற்றியது முதலில். பழக்கத்தில் எல்லோரும் ஆமென் சொன்னோம். அடுத்தது, ஊர் விட்டு வந்த பரதேசிக்கும் தகப்பனில்லாத பிள்ளைக்கும் விதவைக்கும் நியாயத்தைப் புரட்டுகிறவனைப் பற்றியது. அதற்கும் ஆமென் கிளம்பிவிட்டது... பாதியில்தான் எல்லோருக்கும் உறைத்தது. கடைசி வரிசையில் மங்கம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் புத்தகத்தை மூடினார். "சபை ஆமென் சொல்லிடிச்சி. எல்லையைப் பத்திப் பேசறதுன்னா நம்ம செவுத்துல இருந்து ஆரம்பிங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அப்படி ஒரு தைரியத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை கமிட்டியிலிருந்தே நாலு பேர் கடப்பாரையோடு வந்து சுவரை இடித்தார்கள். கல் பழைய இடத்துக்குப் போனது. மங்கம்மா மறுபடியும் தன் அடுப்பில் சோறு வடித்தாள். ஆனால் ஜூன் மாதம் ஸ்கூல் திறந்தபோது ஞானம்மா டீச்சரைத் தொலைவில் இருக்கிற குப்பம் ஊர் ஸ்கூலுக்கு மாற்றிவிட்டார்கள். அவருடைய ஐந்தாம் வகுப்பை எனக்குக் கொடுத்தார்கள்.

நானும் வாங்கிக்கொண்டேன்.

வழியனுப்ப ரயிலடிக்குப் போனேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரோ, "ஜன்னல் பக்கம் மழை ஒழுவும், பெஞ்சைத் தள்ளிப் போட்டுக்க" என்றார்.

எல்லையும் ஒருநாள் முடிவானது. திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம், சித்தூர் ஆந்திராப் பக்கம். எங்கள் மனுவை யார் படித்தார்களோ தெரியாது.

இப்போது திருப்பதியில் மகன் வீட்டில் இருக்கிறேன். பெரிய ஏசி சர்ச். வசனத்தை யாரும் எழுந்து வாசிப்பதில்லை, ஸ்க்ரீனில் வருகிறது. போன வாரம் ஆசீர்வாதம் சொல்லும் வரி மட்டும் பளிச்சென்று வந்தது. அதற்கு முன்னால் ஏழைகளைப் பற்றிய நிபந்தனை ஒன்று உண்டு. அதைக் காணோம். கைதட்டல் நிற்கவே இல்லை. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

எல்லோரும் பார்க்கிங் பக்கம் போன பிறகு அந்த இளம் பாஸ்டரிடம் மெதுவாகப் போய், "முன்னாடி வசனத்தையும் போட்டிருக்கலாமே தம்பி" என்றேன். "டைம் இல்ல ஆன்ட்டி" என்று சிரித்தார்.

டீச்சர் எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் எல்லோரும் போன பிறகு கேட்டேன். அறுபது வருஷத்துக்கு மேல் நடந்து நான் வந்து சேர்ந்திருக்கிற தூரம் அவ்வளவுதான்...