செம்மண் குவாரியில் ஓடிய ஆறு

1. தண்ணீர் அடித்த தரை

எங்கள் இடத்தைப் பார்த்து முடிவு சொல்ல பெங்களூரிலிருந்து விஞ்ஞானி மேடம் வரவேண்டிய காலை அது. வாலாஜாபாத் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கைவிட்ட செம்மண் குவாரிக்கு முதல் ஆளாகப் போனேன். தரை முழுக்க ஈரம்.

வாட்ச்மேன் ஏழுமலை அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். "எப்டி கீது செல்வி? பெரிய ஆளுங்க வராங்கன்னு சொன்னியே. தூசி மூஞ்சில அடிக்கக் கூடாதுன்னு நேத்து சாயங்காலமே டேங்கர் வச்சு தண்ணி அடிச்சிட்டேன்."

குனிந்து மண்ணைத் தொட்டேன். விரலில் சேறாக ஒட்டியது.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் இது புரியும். நான் பத்தாவது வரை படித்தவள். பல வருடம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைனில் நின்றேன். பிறகு ஒரகடத்தில், வேறு கிரகத்தில் ஓடப்போகும் வண்டிக்குச் சக்கரம் செய்யும் சின்னக் கம்பெனிக்கு வந்தேன். அந்தச் சக்கரத்தை ஓட்டிப் பார்க்க, செவ்வாய்க் கிரகத்தின் தரை மாதிரி இடங்கள் வேண்டும். அவற்றைத் தேடிப் போய், ஃபோட்டோ எடுத்து, சரிவு அளந்து, மண் சாம்பிளைப் பையில் கட்டி, கேட்லாக்கில் ஏற்றுவது எங்கள் ஃபீல்டு டீமின் வேலை.

ஃபோட்டோவில் மரம், கரண்ட் கம்பி, செருப்புத் தடம் எதுவும் விழக் கூடாது. அதனால் வேலை முடிந்ததும் துடைப்பத்தால் எங்கள் காலடியை அழித்தபடியே பின்பக்கமாக நடந்து வெளியே வருவோம். ஓரத்தில் லாரியை நிறுத்தி டீ குடிக்கும் டிரைவர்கள், "இன்னாக்கா, பூமியைப் பெருக்கி முடிச்சிட்டியா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லக் கூச்சம். குனிந்த தலை நிமிராமல் பெருக்குவேன்.

எங்கள் கேட்லாக்கில் இருந்ததிலேயே நல்ல இடம் இந்தக் குவாரிதான். மாவு மாதிரி காய்ந்த சிவப்பு மண். மேடம் சரி என்றால் டெஸ்டிங் இங்கே நடக்கும். இல்லையென்றால் ராஜஸ்தானுக்குப் போய்விடும். எங்கள் டீமைக் கலைத்துவிடுவார்கள், நான் திரும்ப லைனுக்குப் போக வேண்டும்.

மேனேஜர் பிரபு சார் வந்தார். ஈரத்தைப் பார்த்ததும் ஜீப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாருண்ணே உங்களைத் தண்ணி அடிக்கச் சொன்னது?"

"யாரு சொல்லணும் சார்? வூட்டுக்கு ஆளு வந்தா வாசல் தெளிக்க மாட்டோமா?"

மேட்டுச் சரிவிலும் தண்ணீர் ஓடி மண்ணை அறுத்திருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. அதையாவது சரி செய்யலாம் என்று துடைப்பத்தை எடுத்தேன். அதற்குள் மேடத்தின் கார் வந்துவிட்டது.

2. மேடம் கேட்ட கேள்வி

மேடம் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் நசுக்கினார்.

"ஈரம். இதுல ஓட்டினா எந்த ரிசல்ட்டும் நிக்காது."

பிரபு சார் என்னைப் பார்த்தார். ஏழுமலை அண்ணன் தொப்பியைக் கழற்றினார். "இவங்க மேல தப்பு இல்லம்மா. நான்தான் அடிக்கச் சொன்னேன்."

"ஹோஸை எங்க வச்சீங்க?" என்று கேட்டார் மேடம்.

"அதோ, மேட்டு மேல. டேங்கர்காரன் தண்ணிய தொறந்து வுட்டுட்டு டீக்குப் போய்ட்டான். அவன் வர்றதுக்குள்ள கீழ வரைக்கும் ஓடிட்ச்சி."

மேடம் சரிவை நோக்கி நடந்தார். நாங்களும் போனோம். அங்கே அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

மேலே ஒரே இடத்தில் புறப்பட்ட தண்ணீர், கிளை கிளையாகப் பிரிந்து, வளைந்து, மறுபடி சேர்ந்து இறங்கியிருந்தது. கனமான சரளைக்கல் மேலேயே தங்கியிருந்தது. அடிவாரத்தில் நைஸ் மண் விசிறி மாதிரி விரிந்து கிடந்தது.

"மழைன்னா எல்லாப் பக்கமும் அடிச்சுக் கலைச்சிரும்," என்றார் மேடம். "இது ஒரு இடத்துல கிளம்பி, ஒரே ஒரு தடவை ஓடி, நின்னுபோச்சு. செவ்வாய்லயும் ரொம்பக் காலத்துக்கு முன்னாடி தண்ணி ஓடியிருக்கு. இப்போ வெறும் தடம்தான் இருக்கு. இதே மாதிரி." பிறகு என்னிடம், "மேலேர்ந்து ஒரு ஃபோட்டோ எடுங்கம்மா," என்றார்.

ஜீப்பிலிருந்த ஏணியை விரித்து வைத்து ஏறினேன். வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு கரையும் நிழல் போட்டிருந்தது. அளவு தெரிவதற்காக ஃபோட்டோவில் ஒரு ஸ்கேல் வைப்போம். அதை இன்னும் வைக்கவில்லை. கேமராவுக்குள் பார்த்தபோது, அந்தப் பள்ளம் ஒரு கை அகலமா, ஒரு ஊர் அகலமா என்று எனக்குத் தெரியவில்லை. யாருமே இல்லாத இடத்தில், யாருமே பார்க்காமல் ஓடி வற்றிப்போன ஆறு அது. ஏணியில் நிற்பதே மறந்துவிட்டது.

"இன்னா செல்வி, மேலயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று ஏழுமலை அண்ணன் குரல் கொடுத்த பிறகுதான் இறங்கி ஸ்கேலை வைத்தேன்.

மேடம் கிளம்பும்போது சொன்னார்: "கீழ் தரை காயட்டும், சக்கரத்தை அங்க ஓட்டலாம். இந்தச் சரிவை யாரும் தொடாதீங்க. இதை கேட்லாக்ல தனி சைட்டா ஏத்துங்க."

3. புதிதாக வருகிறவர்களுக்கு

டீம் கலையவில்லை. இப்போது எந்தப் புது இடத்துக்குப் போனாலும், காய்ந்த தரையை ஃபோட்டோ எடுத்து முடித்தபின் மேட்டிலிருந்து ஒரு கேன் தண்ணீர் விட்டுப் பார்க்கிறோம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு இடம் கெட்டுப்போய்விட்டது என்று தோன்றினால், உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள். முதலில் அதைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். அன்றைக்கு மேடத்தின் கார் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால், அந்த ஆற்றை நானே பெருக்கித் தள்ளியிருப்பேன்.