ஐந்தாம் எண் வண்டியின் வலை

“பெருஞ்சத்தத்தையும் கூட்டத்தையும் தாங்க இயலாதவர். அடைபட்ட இடத்தில் நெடுநேரம் இருக்க முடியாதவர். நெருக்கடியில் முடிவெடுக்கும் திறன் குன்றியவர். மோட்டார் வாகனம் ஓட்டாதிருப்பது நலம். ஊனம்: எழுபது விழுக்காடு.”

முன்னாள் படைவீரர்களைக் கவனிக்கும் அலுவலகம் டார்சி ஹேகியைப் பற்றி இப்படி எழுதி, முத்திரை குத்தி அனுப்பியிருந்தது. அவர் மனைவி ஓப்பல் அதை பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலங்களில் அந்தக் கடிதத்துக்கு உரியவர், இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூண்டுக்குள், ஐந்து பட்டைகளால் இறுகக் கட்டப்பட்டு, சைலன்சர் கழற்றிய இருபது கார்களுக்கு நடுவே, பிட்டர் க்ரீக் மைதானத்தின் மண் பந்தயப் பாதையில் இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருப்பார். ஆயிரத்துச் சொச்சம் பேர் எழுந்து நின்று கத்திக்கொண்டிருப்பார்கள்.

கடிதம் எழுதியவன் ஆளை மாற்றி எழுதிவிட்டான் என்பான் ஓப்பலின் தம்பி ஹோபர்ட். ஓப்பல் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். வாரத்தில் ஆறு நாளைக்கு அந்தக் கடிதம் எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது அவளுக்குத்தான் தெரியும்.

இருபத்திரண்டு வருடம் அமெரிக்க ராணுவத்தில் இருந்துவிட்டு நாற்பத்தாறாவது வயதில் வீடு திரும்பியவர் டார்சி. கடைசி மூன்று வருடம் இராக்கில் எண்ணெய் டேங்கர் ஓட்டினார். திரும்பி வந்தவர் ராத்திரியில் தூங்கவில்லை. வீட்டைச் சுற்றி நடந்தார். கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்; பார்த்ததைச் சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி பார்ப்பார். நிலக்கரி லாரி மலைச்சாலையில் கியர் மாற்றினால் சமையலறைத் தரையில் படுத்துவிடுவார். கடைக்கு அழைத்துப் போனால் காரைவிட்டு இறங்க மாட்டார். ஐந்து வருடம் இப்படிப் போயிற்று. பகலெல்லாம் கண் சிவந்து, பேச்சு குறைந்து, வீட்டிலேயே ஒரு காவல்காரனைப் போலக் குடியிருந்தார். ஆறாவது வருடத்தில் அவர் பந்தயக்காரர் ஆனதற்குக் காரணம் வீரமும் அல்ல, வேகத்தில் ஆசையும் அல்ல. ஹோபர்ட் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதுதான்.

ஹோபர்ட்டிடம் ஒரு பழைய மான்டி கார்லோ இருந்தது. கண்ணாடியையும் சீட்டுகளையும் பிடுங்கி எறிந்து, கூண்டு வைத்து, சனிக்கிழமை ஓட்டத்துக்கென்றே வைத்திருந்த கார். அந்த மைதானத்துச் சாப்பாட்டுக் கொட்டகையில்தான் ஓப்பல் வேலை செய்தாள்; வட்டமாக நறுக்கிய பலோனி இறைச்சியை வறுத்து ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கொடுப்பாள். அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஓட்டம் முடியும்வரை கார் நிறுத்துமிடத்தில் ஜன்னல்களை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் டார்சி. அன்றைக்கு ஹோபர்ட் கட்டுப்போட்ட கையோடு வந்து அந்த ஜன்னலைத் தட்டினான்.

“மச்சான், சும்மா கடைசியில ஓட்டிக்கிட்டு வா. வண்டி வரலேன்னா இந்த சீசனோட பட்டியல்லேருந்து என் பேரை எடுத்துடுவானுங்க. நீ ஜெயிக்க வேண்டாம். உருட்டினாப் போதும்.”

டார்சி இறங்கினார். எதற்கு இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. பதினெட்டு கார் ஓடியதில் பதினேழாவதாக வந்தார். பதினெட்டாவது கார் நடுவிலேயே டயர் வெடித்து நின்றுபோனது. வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தவர் ஒன்பது மணி நேரம் தூங்கினார். ஓப்பல் இரண்டு தடவை எழுந்துவந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள்.

அதற்கு அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: “அங்க சத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரியுது. இடிக்கிறவன் மூஞ்சியும் தெரியுது.”

திறந்த ஜன்னலும் பஞ்சு மெத்தையும் உள்ள அறையில் மூச்சு முட்டுகிற மனிதருக்கு இரும்புக் கூண்டில் காற்று வந்தது. மருத்துவர்கள் ஐந்து வருடம் மாத்திரை மாற்றிக் காணாத குணத்தை ஏணி ஒன்று கொடுத்துவிட்டது. அது வாரத்துக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும் செல்லுபடியாகும் குணம். ஓப்பல் அதற்கே நன்றி சொல்லிக்கொண்டாள். ஞாயிறு காலையில் சர்ச்சுக்குப் போகும்போது அவரை எழுப்ப மாட்டாள்.

ஹோபர்ட்டின் கை சரியானபோது கார் டார்சியுடையதாகிவிட்டது. இருபத்தெட்டு என்றிருந்த எண்ணை அவர் அழித்துவிட்டுச் சுவருக்கு அடிக்கும் பிரஷ்ஷால் ஐந்து என்று எழுதினார். மூன்று சீசன், நாற்பத்தொரு ஓட்டம். ஒன்றிலும் வெற்றி இல்லை. அதிகபட்சம் ஆறாவது.

“ஏன் தாத்தா, அஞ்சாவது வர்றதுதான் உன் லட்சியமா? அதான் எழுதி வச்சிருக்கியா?” என்று கேட்டான் சக ஓட்டுநர் டுவைட் ராட்லிஃப்.

ராட்லிஃப் சுரங்கத்தில் வெல்டர். முப்பத்து நான்கு வயது. பாதி வெற்றிகள் அவனுடையவை. மீதிப் பாதியில் முதலில் வந்தவர்கள் அவன் இடித்தும் தப்பித்தவர்கள். டார்சியின் பின் பம்பரைத் தட்டிச் சுழலவிடுவது அவனுக்குச் சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதைப் போல. டார்சி கோபப்பட்டதில்லை. ஓட்டம் முடிந்ததும் போய், எந்தச் சுற்றில் எப்படி இடித்தான் என்று அவனிடமே நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நன்றி சொல்லிவிட்டு வருவார். ராட்லிஃபுக்கு அது பிடிக்கவில்லை. “அடிச்சா அடிக்கணும், இல்ல திட்டணும். நீ என்னய்யா நன்றி சொல்ற?” என்பான்.

ஐந்து ஏன் என்பது ஓப்பலுக்கு மட்டும் தெரியும். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போன்ற குரலில் அவர் அதைச் சொல்லியிருந்தார். டேங்கர் வரிசையில் குண்டு வெடித்தால் முதல் வண்டியிலிருந்து ஒவ்வொருவரும் ரேடியோவில் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒன்று, சரி. இரண்டு, சரி. எல்லாரும் சரி என்றால் வரிசை நிற்காது. ஒருவர் குரல் வரவில்லை என்றால் எல்லாரும் நிற்க வேண்டும். நின்ற இடத்தில்தான் அடுத்த குண்டு விழும். டார்சி நான்கு. அவருக்குப் பின்னால் ஐந்தாவது வண்டி, பெட்வே என்கிற அலபாமாக்காரன். அன்று வெடித்தபோது பெட்வே தன் முறை வந்ததும் “ஐந்து, சரி” என்றான். வரிசை ஒன்பது மைல் ஓடி முகாமுக்குள் நுழைந்தது. ஐந்தாவது வண்டி நான்காவதுக்குப் பின்னால் கோடு போட்டதுபோல் ஒழுங்காக வந்து நின்றது. கதவு மட்டும் திறக்கவில்லை. வயிற்றில் இரும்புத் துண்டோடு ஒன்பது மைல் ஓட்டியிருந்தான்.

“அவன் குரல்ல ஒரு வித்தியாசமும் இல்ல. நான் கேட்டேன்” என்று முடித்துவிட்டுத் தட்டைத் துடைத்து வைத்தார் டார்சி.

பந்தயக் காரிலும் அப்படி ஒரு பாஷை உண்டு. ஓட்டுநர் பக்கத்து ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் நாடாவால் பின்னிய வலை. மோதி நின்ற காரில் இருப்பவன் தனக்கு ஒன்றுமில்லையென்றால் உடனே கொக்கியை விடுவித்து வலையைத் தொங்கவிட வேண்டும். வலை இறங்கினால் ஆள் நலம். வலை ஏறியே இருந்தால் காப்பாற்ற ஓடு. தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த விதி இது. பிட்டர் க்ரீக்கில் அப்படி ஓடுவதற்கு ஒரு ஆம்புலன்ஸும், தீயணைப்புத் தொண்டர்கள் இரண்டே பேரும் இருந்தார்கள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. காலையில் மழை பெய்து பாதை பள்ளமும் சேறுமாக இருந்தது. இன்றைக்கு விட்டுவிடலாமா என்று டார்சி கேட்டார். அந்த வாரம் ஆறு ராத்திரியும் அவர் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவள் ஓப்பல். அவளும் தூங்கியிருக்கவில்லை.

“போயிட்டு வா டார்சி. இன்னிக்காவது ரெண்டு பேரும் தூங்குவோம்” என்றாள்.

பதினேழாவது சுற்றின் மூன்றாம் வளைவில் ராட்லிஃபின் முன் சக்கரம் பள்ளத்தில் சிக்கியது. கார் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு தடவை உருண்டு, கூரைமேல் கவிழ்ந்தது. அடியிலிருந்து புகை வந்தது, பிறகு தீ. பின்னால் வந்த டார்சி அதன்மேல் ஏறாமலிருக்க வெளிப்பக்கம் ஒடித்து, கான்கிரீட் சுவரில் நேராகப் போய் மோதினார்.

கொட்டகை ஜன்னலிலிருந்து ஓப்பல் பார்த்தாள். கையில் கரண்டி இருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பாதைப் பக்கம் திரும்பிவிட்டார்கள். தீயணைப்புக்காரர்கள் இருவரும் ஓடிவந்தார்கள். டார்சியின் கார்தான் பக்கத்தில் இருந்தது, அதன் முன்பாகம் இல்லாமலே போயிருந்தது. அதனால் அதை நோக்கித்தான் முதலில் வந்தார்கள். இருபதடி தூரத்தில் அவர்கள் இருக்கும்போது ஐந்தாம் எண் காரின் வலை கீழே விழுந்தது.

இருவரும் சட்டென்று திரும்பி ராட்லிஃபின் காரை நோக்கி ஓடினார்கள். ஓப்பலுக்கு மூச்சு வந்தது. திரும்பி, கல்லில் கருகத் தொடங்கியிருந்த பலோனியைப் புரட்டிப் போட்டாள். மூன்று ரொட்டிகள் விற்றாள். கடுகுச் சாந்து தீர்ந்துவிட்டது என்று ஒருவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்டாள்.

தீயை அணைத்து, பட்டைகளை அறுத்து, நினைவில்லாத ராட்லிஃபை வெளியே எடுத்து ஆம்புலன்ஸில் ஏற்ற பதினோரு நிமிடம் ஆயிற்று. அதன் பிறகுதான், ஏன் இன்னும் மச்சான் இறங்கவில்லை என்று ஹோபர்ட் காரிடம் போய்ப் பார்த்தான். என்ஜின் உள்ளே வந்திருந்தது. டார்சியின் வலது கால் அதற்கு அடியில் இருந்தது. ராணுவத்தை விட்டு வந்த பிறகும் சட்டைப் பையில் வைத்திருந்த, ரத்தத்தை நிறுத்தும் கட்டுப்பட்டையை எடுத்துத் தொடையில் தானே முறுக்கிக் கட்டியிருந்தார். முகம் மாவைப் போல வெளுத்திருந்தது.

“அவன் வெளிய வந்துட்டானா?” என்று மட்டும் கேட்டார்.

முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் வந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் என்றார் அறுவை மருத்துவர். அந்த வாக்கியத்தை ஓப்பல் அவரிடம் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

மைதானத்தின் அறிக்கை சுருக்கமாக இருந்தது. ஐந்தாம் எண் ஓட்டுநர் தம் உடல்நிலை குறித்து உண்மைக்கு மாறான சைகை காட்டினார். ஆகவே தாமதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. கொட்டகையில் பேசிக்கொண்டவர்கள் அதைவிடக் கருணையாக, பாவம், தலையில் அடிபட்டுக் குழம்பிப்போயிருப்பார் என்றார்கள். படைவீரர் அலுவலகமும் ஒரு கடிதம் அனுப்பியது. கால் போனது பணியின்போது நேர்ந்ததல்ல என்பதால் அது கணக்கில் வராது. இரண்டு காலும் இருந்தபோது எழுபது விழுக்காடு. ஒரு கால் இல்லாதபோதும் எழுபது விழுக்காடு. நெருக்கடியில் முடிவெடுக்கும் திறன் குன்றியவர் என்ற வரி மாறாமல் இருந்தது.

ஒரு மாதம் கழித்து ராட்லிஃப் வந்தான். கழுத்தில் வெந்த தோல் பளபளத்தது. அவன் அம்மா செய்து கொடுத்த பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும் கையில். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“உன்னை யாருய்யா கேட்டா?” என்றான். குரல் உடைந்தது. “நான் உன்னை எத்தனை தடவ இடிச்சிருக்கேன் தெரியுமா?”

“பதினாலு” என்றார் டார்சி.

அவன் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் பிட்டர் க்ரீக்கில் ஓட்டவில்லை. பாத்திரத்தை வாங்கிப் போகவும் வரவில்லை.

அன்றைக்குத்தான் ஓப்பல் கேட்டாள். ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்த கேள்வி.

“வலையை ஏன் இறக்கினே? நான் அதைப் பாத்துட்டு அடுப்புப் பக்கம் திரும்பிட்டேன் டார்சி. நீ உள்ள அப்படிக் கிடக்கிறே, நான் கறி புரட்டிக்கிட்டு இருக்கேன்.”

“ரெண்டே பேருதான் இருந்தாங்க, ஓப்பல்” என்றார்.

அவள் பெட்வேயைப் பற்றிக் கேட்கவில்லை.

மான்டி கார்லோவைக் கழிவு இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள். டார்சி இப்போது வாரத்தில் ஏழு ராத்திரியும் தூங்குவதில்லை. முன்பு காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருந்த ஓப்பல், இப்போது ஊன்றுகோல் தரையில் படுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள்: முன்வாசல், பின்வாசல், மறுபடி முன்வாசல். பிரிட்ஜ் கதவில் பழைய கடிதத்துக்குப் பக்கத்தில் புதிய கடிதமும், மைதானத்தின் அறிக்கையும் இருக்கின்றன. மூன்றிலும் முத்திரை இருக்கிறது. நடந்தது மூன்றிலும் இல்லை.

வலது கால் என்ஜினுக்கு அடியில் நசுங்கிக் கிடக்க, தன்னை நோக்கி இரண்டு பேர் ஓடிவருவதையும் இன்னொரு கார் எரிவதையும் டார்சி ஹேகி பார்த்தார். இடது கையால் வலையை இறக்கிவிட்டு, பதினோரு நிமிடம் காத்திருந்தார்.