பணியிடம்: ஆம்பூர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். வரட்டும். அதனால் எனக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சீனியர் அக்கவுண்ட் மேனேஜராக இருக்கிறேன். வெளிநாட்டுக் கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடிப்பதும், அவர்கள் வேறு பக்கம் போய்விடாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. எங்கள் சென்னை ஆபீசிலும் இதே பதவியில் ஒருவர் உண்டு. போன வருடம் ஒரு ஜெர்மன்காரரைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தவர், பிரியாணி சாப்பிடும்போது தன் சம்பளத்தை உளறிவிட்டார். என்னுடையதைப் போல ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் முதலாளியின் அறைக்குப் போய் நேராகவே கேட்டேன்.

"சென்னையில வாடகை ஜாஸ்திம்மா. இங்க எல்லாமே கம்மி," என்றார்.

"ஆம்பூர்ல இருந்து வித்தா ஷூவுக்கு வெலைய கம்மி பண்றோமா சார்?"

சிரித்துவிட்டார். என் ஆர்டர்கள்தான் அதிகம் என்பது அவருக்கும் தெரியும். கொஞ்சம் யோசித்து ஒரு வழி சொன்னார். பேப்பரில் மட்டும் என் பணியிடத்தைச் சென்னை என்று மாற்றிவிடலாம். சென்னைச் சம்பளம் வரும். நான் இதே நாற்காலியில் இருக்கலாம். "ஆம்பூர்னு போட்டுக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

அப்படி வேண்டாம் என்று வீட்டில் சொன்னதும் கணவர் குதித்தார். "காசு வருதுல்ல? எந்த ஊர் போட்டா இன்னா?" மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய வருடம் அது. அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. இங்கே பிறந்து, இங்கேயே படித்து, இங்கிருந்தே உலகத்துக்கு விற்கிறேன். சம்பளம் வாங்கும்போது மட்டும் ஊரை ஏன் மறைக்க வேண்டும்?

திரும்பவும் முதலாளியிடம் போனேன். "ஆம்பூர் ஷூன்னுதானே சார் தேடி வர்றாங்க? ஷூவுக்கு அந்தப் பேரு வேணும், என் சம்பளத்துக்கு மட்டும் வேணாமா?"

அவர் முகம் இறுகிவிட்டது. ஒரு வாரம் எதுவானாலும் ஆள் விட்டே கேட்டனுப்பினார். வேலைக்கே உலை வைத்துக்கொண்டோமோ என்று உள்ளுக்குள் பயந்துதான் போனேன். பிறகு கடிதம் வந்தது. சென்னைச் சம்பளம். பணியிடம்: ஆம்பூர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

அவர் பயந்ததும் நடந்தது. அடுத்த மாதமே, மாதிரி ஷூ தைக்கும் சாம்பிள் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். "மேடம், மொதலாளிகிட்ட எப்படிக் கேட்டீங்க?"

இருவரையும் உட்காரச் சொல்லி, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன்.