வேலிக்கு இந்தப் பக்கம் குடை

கார்த்திகை மழையில் நீர்வர்ணம் தீட்டப் போகிறவனை விசரன் என்றுதான் சொன்னார்கள். சொல்லட்டும். வானம் கறுத்து நிற்கும்போதுதான் உரும்பிராய்ச் செம்மண் தன் நிறத்தைக் காட்டும். சித்திர வாத்தியாரான நான் சனிக்கிழமைகளில் பலகையையும் வர்ணப்பெட்டியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு அங்கே போய்விடுவேன்.

அன்று வரைந்தது இரண்டு தோட்டங்களையும் நடுவே ஒரு பூவரசம் வேலியையும். இடப்பக்கத் தோட்டக்காரர் வந்து என் பின்னால் நின்றார்.

"வேலியைக் கொஞ்சம் அங்காலை தள்ளிக் கீறுங்கோ வாத்தியார். போன மாரிக்கு பக்கத்துக் காணிக்காரன் ஒரு முழம் இஞ்சாலை நட்டுப்போட்டான்."

"இருக்கிற இடத்திலைதான் கீறுவன்," என்றேன். வேலை செய்யும்போது யாரும் கதைத்தால் எனக்குப் பிடிக்காது.

வர்ணம் காயுமுன் தூறல் தொடங்கிவிட்டது. மனிதர் குடையை விரித்து என் படத்துக்கு மேலே பிடித்தார். கடுமையாகப் பேசிவிட்டோமே என்றிருந்தது. குனிந்து, அவருடைய கிணற்றுத் துலாவை வரைந்து முடித்தேன்.

நிமிர்ந்தபோது படத்தின் வலப்பக்கம் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

"குடையை இந்தப் பக்கமும் பிடிச்சிருக்கலாமே?"

"அது அவன்ரை காணி," என்றார் அமைதியாக. "அவன் வந்து பிடிக்கட்டும்."

குடையின் விளிம்பைப் பார்த்தேன். நான் வரைந்த வேலிக்கு அப்பால், அவர் சொன்ன அந்த ஒரு முழம் மட்டும் படத்தில் நனையாமல் இருந்தது.