மடங்கிற பிரேஸ், மடங்காத பிரேஸ்

எங்கள் தொழிலில் ஒருவர் விடைபெற்றுப் போகும்போது முகத்தைப் பார்க்க மாட்டோம், முழங்காலைத்தான் பார்ப்போம். மொன்றியலில் ஒரு கிளினிக்கில், பலமிழந்த காலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் அளவெடுத்துப் பொருத்துகிறேன். முழங்கால் திடீரென்று மடிந்து தெருவில் விழுந்து எழும்பியவரா நீங்கள்? அப்படியென்றால் என்னிடம் வந்த இந்த மூன்று பேரை உங்களுக்குப் பிடிக்கும்.

மகளோடு ஒட்டி

யோசேப்பு அண்ணை டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை செய்கிறார். மன்னாரில் சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பாதம் வரை பிரேஸ் போட்டு, முழங்காலைப் பூட்டிக்கொண்டு நடப்பார். பூட்டிய காலை வெளிப்பக்கமாக வீசித்தான் அடி வைக்க வேண்டும். மகளுக்குக் கலியாணம் வந்தது. "கோயிலுக்குள்ளை கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகோணும். காலை வீசினா அவளின்ரை உடுப்பை மிதிச்சுப்போடுவன்" என்றார்.

ஊன்றும்போது பூட்டிக்கொண்டு, தூக்கும்போது தானே மடங்கும் வகையைக் கொடுத்தேன். முதலில் பூட்டை நம்பாமல் அடிக்கு அடி நின்றார். வேலை முடிந்ததும் பஸ் ஏறி வந்து, எங்கள் கிளினிக் நடைபாதையில் வியர்க்க வியர்க்கப் பழகினார். கலியாணத்தன்று மகளோடு தோள் உரசத் தேவாலயப் பீடம் வரை போனார். பின்வரிசையில் நான் அழுதேன். அடுத்த கிழமை பார்த்தால் காலில் பழைய பிரேஸ். ஏன் என்று கேட்டேன்.

"கலியாணத்துக்கு மடங்கிற கால் வேணும் தங்கச்சி. நாள் முழுக்க நிண்டு வேலை செய்ய மடங்காத கால்தான் வேணும்."

வெளிப்படிக்கட்டு

வசந்தா மேடம் சென்னைக்காரர், கணிதப் பேராசிரியர். முதுகில் நரம்பு பாதித்து ஒரு தொடை பலமிழந்தது. மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் மாடிவீடு, தெருவுக்கு வர வளைந்த இரும்புப் படிதான். பூட்டிய காலோடு, கம்பியைப் பிடித்துப் பின்புறமாக இறங்குவார்.

கணினி வைத்த பிரேஸ் ஒன்று உண்டு. கனம் அதிகம், தினமும் சார்ஜ் போட வேண்டும். ஆனால் உடம்புப் பாரத்தைக் கொடுத்தால் முழங்காலை மெல்ல மெல்ல மடங்க விடும். பாரத்தைக் கொடுக்கத்தான் துணிவு வேண்டும். முதல் நாள் கிளினிக்கின் பயிற்சிப் படியில் இறங்கும்போது அலறி என் தோளைப் பிறாண்டினார். மறுபடியும் ஏறினார், மறுபடியும் அலறினார். பனி உருகியபின் வீட்டுக்கு அழைத்தார். நான் கீழே நிற்க, அடி மாற்றி அடி வைத்து இறங்கி வந்தார்.

"இத்தனை வருஷமா வீட்டைப் பாத்துக்கிட்டே இறங்கினேன். இன்னிக்குத்தான் தெருவைப் பாத்துக்கிட்டு இறங்கறேன்."

நிலத்தில் இருக்க

லவாலில் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்க்கிற சுகந்திக்கு முழங்காலில் கொஞ்சம்தான் தளர்வு. நான் பெருமையாக நீளப் பிரேஸைக் கட்டிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு காலை மடக்கி நிலத்தில் இருக்க முடியவில்லை. வேலையை விடப்போவதாக அழுதாள். என்னோடு வேலை செய்யும் பிசியோ, "முழங்காலை மறந்துவிடு, கணுக்காலை இறுக்கிப் பார்" என்றார். அப்படியே முழங்காலுக்குக் கீழே நிற்கும் சின்னப் பிரேஸ் செய்தேன். கணுக்கால் அசையாததால், அடி வைக்கும்போது முழங்காலும் முன்னால் சரியவில்லை. ஒரு மாதம் கழித்துப் போன் எடுத்தாள்.

"அக்கா, இப்ப என்ரை மடியிலை ரெண்டு பேர், முதுகிலை ஒராள். பேந்து கதைக்கிறன்."

எந்தப் பிரேஸ் சிறந்தது என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால், காலையில் எழும்பி எங்கே போகப்போகிறீர்கள் என்று உங்களைத்தான் திருப்பிக் கேட்பேன்.