ஆத்தே காரில் தொங்கிய மஞ்சள் ரிப்பன்

கார் கதவைத் திறந்தாலே வினிகரும் பூண்டும் சேர்ந்து ஒரு வாசனை வரும்... பின் சீட்ல மத்தியான சாப்பாட்டு டப்பா இருக்கும். ஹீட்டர் வேற போட்டிருப்பாங்களா, அந்த வாசனை என் சட்டையில ஒட்டிக்கிட்டு வேலை இடம் வரைக்கும் கூடவே வரும்.

இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. டெக்சாஸ், இர்விங் அபார்ட்மென்ட். ஒரு ஆஸ்பத்திரியில புது சாஃப்ட்வேர் போடுற காண்ட்ராக்ட் வேலை எனக்கு. கார் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. எதிர் வீட்ல இருந்த நெனிட்டா அதே ஆஸ்பத்திரியில நர்ஸ், பிலிப்பைன்ஸ்காரங்க. "நான் போற வழிதானே, ஏறிக்கோ"ன்னாங்க.

எனக்கு உடனே சந்தேகம். இந்த ஊர்ல காரணமில்லாம சிரிக்கிறவங்க ரெண்டாவது வாரமே ஆள் சேர்க்குற சோப்பு பவுடர் பிசினஸ்ல சேரச் சொல்லுவாங்க. மூணு மாசம் காத்திருந்தேன்... அவங்க கேக்கவே இல்ல. அதுவும் சந்தேகமாத்தான் இருந்துச்சு.

எல்லாரும் அவங்களை "ஆத்தே"ன்னு கூப்பிடுவாங்க. அவங்க பாஷையில அக்கான்னு அர்த்தம். எங்க விருதுநகர் பக்கம் பாம்பைப் பாத்தா கத்துற வார்த்தை! முதல் வாரம் முழுக்க கூப்பிடும்போதெல்லாம் சிரிப்பை அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ரியர் வியூ மிரர்ல ஒரு மஞ்சள் ரிப்பன் தொங்கும். வெளுத்துப் போயி, நடுவுல ஒரு முடிச்சோட.

நம்ம ஊர்க்காரன் அதைப் பாத்தா என்ன நினைப்பான்? வேண்டுதல்! ஒரு ரூபாயை மஞ்சள் துணியில முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வெச்சிருவோம், காரியம் நடந்தா அவிழ்த்து உண்டியல்ல போடுவோம். நான் பிளேன் ஏறின அன்னிக்கு எங்கம்மாவும் ஒண்ணு முடிஞ்சு வெச்சாங்க. நான் இங்க நல்லபடியா செட்டில் ஆகணும்னுதான் இருக்கும்னு நானா நினைச்சுக்கிட்டேன், கேக்கல.

ஒரு நாள் சிக்னல்ல நிக்கும்போது ரிப்பனைக் காட்டி, நம்ம வழக்கத்தையும் சொல்லி, "என்ன வேண்டுதல் ஆத்தே? நிறைவேறிச்சா?"ன்னு கேட்டுட்டேன்.

பச்சை விழுந்துச்சு. கார் நகரல. பின்னாடி ஒரே ஹாரன்.

அப்புறம் மெதுவா சொன்னாங்க. மணிலாவுல நர்சிங் படிச்ச காலம். நாட்டையே கைக்குள்ள வெச்சிருந்த பிரசிடென்டை எதிர்த்து ஊரே ரோட்ல வந்து உக்காந்துச்சாம். டாங்கிக்கு முன்னாடி கன்னியாஸ்திரிகள் ஜெபமாலையோட. இவங்க தலையில போராட்டத்தோட அடையாளமா இதே மஞ்சள் ரிப்பன், கையில சிப்பாய்களுக்குக் கொடுக்க ரொட்டி. நாலு நாள். அந்த ஆள் குடும்பத்தோட பிளேன் ஏறிட்டார்.

"ஒருத்தர்கூட சுடலையா?"

"நான் உக்காந்திருந்த இடத்துல சுடல."

நான் நம்பல. ரெண்டு நாள் இன்டர்நெட்ல தேடிப் பாத்தேன்... நிஜந்தான். மறுநாள் கார்ல அதைச் சொன்னதும் ஆத்தே மிச்சத்தையும் சொன்னாங்க.

"எங்கம்மா ஹாங்காங்ல ஒரு வீட்ல வேலைக்கு இருந்தாங்க. எனக்கு எட்டு வயசுல போனவங்க. ரோட்ல உக்காந்து நான் வேண்டினது ஒண்ணுதான். இந்த ஆள் போயிட்டா நாடு நல்லாயிரும், அம்மா வீட்டுக்கு வந்துரணும், இனிமே எங்க வீட்ல யாரும் பொழைக்க வெளிநாடு போகக் கூடாது."

"அம்மா வந்தாங்களா?"

"வந்தாங்க... நான் டெக்சாஸ் கிளம்பின வருஷம். என் தங்கச்சி வேலைக்குப் போக, அவ கைக்குழந்தையைப் பாத்துக்க ஆள் வேணுமே."

என் வாய் சும்மா இருக்குமா? "அப்போ என்னதான் மாறிச்சு ஆத்தே?"

ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. "எங்கப்பா வீட்டுக்குள்ள அரசியல் பேசணும்னா, வெளிய யாருக்கும் கேட்டுரக் கூடாதுன்னு ரேடியோ சத்தத்தைக் கூட்டி வெச்சுட்டுத்தான் பேசுவார். அதுக்கப்புறம் ரேடியோவை அணைச்சுட்டுப் பேசினார்."

இவ்வளவுதானான்னு தோணுச்சு. வாயைத் திறந்து சொல்லல, ஆனா மூஞ்சி காட்டிக் கொடுத்திருக்கும்.

இப்போ நான் அதே டெக்சாஸ்ல, ஃபிரிஸ்கோவுல. வீட்ல ரெண்டு கார், ரெண்டுலயும் எந்த வாசனையும் கிடையாது.

போன மாசம் ஆத்தே வீட்ல பார்ட்டி. அந்தக் கைக்குழந்தை, அவங்க தங்கச்சி மகள், இப்போ நர்ஸாகி டெக்சாஸ் வந்து இறங்கியிருக்கா. தன்னோட மூணு வயசு மகளை ஊர்ல விட்டுட்டு. நூடுல்ஸ் தட்டோட ஹால்ல நின்னேன்... மூலையில அவ பெட்டி. கைப்பிடியில அதே மஞ்சள் ரிப்பன்!

ஆத்தேவைப் பாத்தேன். "போன தடவை ஊருக்குப் போனப்ப கொடுத்துட்டு வந்தேன். பேகேஜ் கிளெய்ம்ல பெட்டி டக்குன்னு தெரியணும்ல"ன்னாங்க, என் முகத்தைப் பாக்காம.

கொஞ்ச நேரத்துல அத்தைக்கும் அந்தப் பொண்ணுக்கும்... தப்பு, பெரியம்மாவுக்கும் பொண்ணுக்கும் சண்டை. அன்னிக்கு பிளேன் ஏறினவரோட மகன்தான் இப்போ அங்க பிரசிடென்ட். இவ அவருக்குத்தான் ஓட்டுப் போட்டாளாம். வீடே அதிருது. நடுவுல ஆத்தே என் பக்கம் திரும்பி, "பாத்தியா, ரேடியோவே வேண்டாம்"னாங்க. அது சிரிப்பா அழுகையான்னு எனக்கு இன்னும் சந்தேகம்.

அந்த ஞாயித்துக்கிழமை அம்மாவோட வீடியோ கால். அவங்களுக்குப் பின்னாடி சாமி படம், அதுக்குக் கீழ மஞ்சள் முடிச்சு. இத்தனை வருஷமா அது கண்ல படத்தான் செஞ்சுச்சு... அன்னிக்குத்தான் கேட்டேன்.

"ஏம்மா, கிரீன் கார்டு வந்துருச்சு, வீடு வாங்கியாச்சு. இன்னும் அதை உண்டியல்ல போடலையா?"

"அது அதுக்கு முடிஞ்சது இல்லப்பா. ரெண்டு வருஷத்துல நீ திரும்பி வந்துரணும்னு முடிஞ்சது"ன்னுட்டு, "சாப்பிட்டியா?"ன்னாங்க.

பக்கத்துல இருந்த என் மகள், "வாட் டிட் ஷீ சே, டாட்?"ன்னா. சாப்பிட்டியான்னு கேக்குறாங்கன்னு சொன்னேன்.

அன்னிக்கு ஓசி கார்ல உக்காந்துக்கிட்டு எவ்வளவு ஈசியா கேட்டேன், "நிறைவேறிச்சா"ன்னு. எங்கம்மா இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்ல.