அழகு டிரிப்ஸும் சர்க்கரை மீட்டரும்

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முகம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று, முகப்பேரில் ஓர் அழகு நிலையத்தில் வீட்டுக்குச் சொல்லாமல் வைட்டமின் சி டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டேன். அலைச்சலில் மதியம் சாப்பிடவில்லை. நான் இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளி. மாலையில் மீட்டர் நானூறு காட்டியது. பதறிப்போய் ஊசியை எடுத்தேன்.

"கை இப்டி நடுங்குது, வேர்த்துகினு வேற கீற. ஊசிய வை, டாக்டராண்ட போலாம்" என்று கணவர் ஆட்டோவில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், சர்க்கரை அறுபதுதான்! குளுக்கோஸ் ஏற்றினார்கள். டிரிப்ஸ் விஷயத்தை ஒப்புக்கொண்டேன்.

"வைட்டமின் சியும் சர்க்கரையும் ஒரே ஜாடைம்மா. செல்லுக்குள்ள போக ஒரே வாசல்ல முட்டி மோதும். உங்க மீட்டரும் ஆள் மாத்திப் பார்த்துடுச்சு. இன்சுலின் போட்டிருந்தா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் கணவர் ஆட்டோவை நிறுத்தி, எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் வைட்டமின் மாத்திரை என்றாலும் டாக்டரைக் கேட்கிறேன். மீட்டரும் உடம்பும் வேறுவேறு சொன்னால், இன்சுலினைத் தொடாமல் கணவரைக் கூப்பிடுகிறேன்.